துண்டுக்குள் ஏழாயிரம்

துரைசாமி தம் நாற்பத்தாறு வயது வரைக்கும் எந்தக் கடையிலும் ஒரு காசு குறைத்துக் கேட்டதில்லை. சிராங்கூன் ரோட்டில் அவரை மிஞ்சிப் பேரம் பேச ஆளில்லை என்றும் பெயர். இரண்டுமே உண்மை. இரண்டுக்கும் நடுவில் அவருடைய மனைவி ரத்தினம்மா இருந்தாள்.

கல்யாணமான புதிதில் நடந்த கோளாறு அது. அப்துல் கையூமின் ஜவுளிக்கடையில் மனைவிக்கு ஒரு சேலை எடுத்தார். கையூம் பதினெட்டு வெள்ளி என்றார். துரைசாமி பதினெட்டை எண்ணி வைத்துவிட்டு வந்தார். குறைத்துக் கேட்க வாய் வரவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்ததுமே, பாவம், இவருக்கும் கடை வாடகை உண்டு, வீட்டில் நாலு வயிறு உண்டு என்று தோன்றிவிடும். அப்புறம் எங்கே பேரம் பேசுவது? வீட்டுக்கு வந்ததும் ரத்தினம்மா, "எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள். கேட்ட தினுசிலேயே, ஏமாந்துதான் வந்திருப்பீர்கள் என்ற தீர்ப்பு இருந்தது. "பதினாலு" என்று சொல்லிவிட்டார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். தாலி கட்டியபோதுகூட அவருக்குக் கிடைக்காத பார்வை. நாலு வெள்ளிக்கு அப்படி ஒரு பார்வை மலிவுதான் என்று துரைசாமிக்குப் பட்டது.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பார்வையைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் கிராணி வேலை. சம்பளம் ரத்தினம்மாவின் கைக்குப் போய்விடும். ஓவர்டைம் காசு மட்டும் அவள் கண்ணில் படாமல் ஒரு மைலோ டின்னுக்குள் போகும். அது பல் செட்டுக்கான காசு. மேல்வரிசையில் முன்பற்கள் நாலு போய் மூன்று வருஷமாகிவிட்டது. ஆனால் டின் நிரம்புகிற நேரம் பார்த்து வீட்டுக்கு ஏதாவது சாமான் வாங்க வேண்டியிருக்கும். கடைக்காரர் கேட்ட விலைக்கும் துரைசாமி வீட்டில் சொல்கிற விலைக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை டின்தான் மூடும். இப்படியாக அவருடைய பற்கள் ஒரு தடவை குடையாகவும், ஒரு தடவை குத்துவிளக்காகவும், போன வருஷம் தையல் மிஷினாகவும் மாறிவிட்டன.

பொய் சொன்னால் போதாது, அதற்குக் கதையும் சொல்ல வேண்டும். சோறு போடும்போது ரத்தினம்மா விடமாட்டாள். "எப்படிங்க குறைச்சீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"மொதல்ல சாமான்ல ஒரு குறை கண்டுபிடிக்கணும்" என்பார் துரைசாமி, பல்லில்லாத பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் மென்றுகொண்டே. "அப்புறம் அவன் சொல்ற விலையைக் கேட்டுச் சிரிக்கணும். கோவப்படக் கூடாது, சிரிக்கணும். அதுக்கும் மசியலைன்னா எழுந்திருச்சு நடக்கணும். நாலு அடி. அஞ்சாவது அடியில கூப்பிடுவான்."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவான். ஆனா திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பிப் பாத்தா பத்து வெள்ளி ஏறிப்போயிடும்."

ரத்தினம்மா கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அந்தக் கதை இன்னும் இரண்டு அடி வளர்ந்து உலாவும்.

அறுபத்தொன்றாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தக் கதை துரைசாமியைத் தேடி வீட்டுக்கே வந்தது. ரத்தினம்மாவின் அண்ணன் சேதுபதியின் உருவத்தில்.

சேதுபதி பால் வியாபாரி. பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இடம் போதாமல், பதினோரு மாடுகளையும் ஊருக்கு வெளியே சுவா சூ காங்கில் ஒரு குத்தகை நிலத்துக்குக் கொண்டுபோயிருந்தார். மாடுகளுக்கு அங்கே புல்லும் காற்றும் சுகமாக இருந்தன. பால்தான் தேக்காச் சந்தைக்கு வந்து சேர வழி தெரியாமல் தவித்தது. காய்கறி லாரிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு வருவான். அவன் வருகிற நேரம் அவனுக்கே தெரியாது. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு நாள் பால் திரிந்துபோய், காப்பிக்கடைக்காரர்கள் வேறு பால்காரனைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"பிக்கப் ஒண்ணு வாங்கிரலாம்னு முடிவு பண்ணிட்டேன் மாப்பிள்ளை" என்றார் சேதுபதி. "ஆர்ச்சர்ட் ரோட்ல ஒரு மோட்டார் கடையில பாத்தேன். புது வண்டி. ஆறாயிரத்து இருநூறுன்னு அட்டையில எழுதி வச்சிருக்கான்."

"எழுதினவன் கை சும்மாவா இருக்கும்? அழிக்கவும் தெரியும்" என்றாள் ரத்தினம்மா. "இவரைக் கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே. முந்நூறு வெள்ளி குறைச்சிருவாரு."

துரைசாமிக்குக் காப்பி புரையேறியது. மைலோ டின்னில் அப்போது சரியாக முந்நூறு வெள்ளி இருந்தது. இவள் டின்னை மோப்பம் பிடித்துவிட்டுச் சொல்கிறாளா, இல்லை விதிதான் இவள் வாயில் உட்கார்ந்து பேசுகிறதா என்று புரியவில்லை.

"மோட்டார் கடையிலல்லாம் பேரம் கிடையாது ரத்தினம். அட்டையில போட்டா போட்டதுதான்" என்று முனகிப் பார்த்தார்.

"பாத்தீங்களாண்ணே, இப்படித்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுவாரு. தையல் மிஷின் வாங்கினப்பவும் இதையேதான் சொன்னாரு. அம்பது வெள்ளி குறைச்சுக்கிட்டு வந்து நின்னாரு!"

சேதுபதி மரியாதையோடு தலையாட்டினார். "அப்ப வர்ற சனிக்கிழமை போறோம். ஒண்ணு மாப்பிள்ளை, நாலு பேரு பாக்குற இடத்துல வாயைத் திறந்து விலை பேசுறது எனக்குச் சரிப்படாது. நம்ம மாட்டு வியாபாரம் மாதிரி துண்டைப் போட்டுப் பேசிருங்க. கடைசி விலையை மட்டும் எங்கிட்ட சொன்னாப் போதும்."

துரைசாமி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார். துண்டு என்றதும் மூடிக்கொண்டார். துண்டு! கையின் மேல் துண்டைப் போட்டுவிட்டால் உள்ளே எந்த விரலைப் பிடிக்கிறோம் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அட்டையில் இருக்கிற விலையையே உள்ளே பிடித்துவிட்டு, வெளியே வந்து முந்நூறு குறைத்தேன் என்று சொல்லிவிடலாம். முந்நூறை ரகசியமாக முன்பணம் கட்டிவிட்டு, மீதிக்குப் பில் போடச் சொல்லிவிடலாம். பற்கள் இந்தத் தடவை பிக்கப் வண்டியாகும், அவ்வளவுதான். பெயர் பிழைத்துக்கொள்ளும்.

துண்டு வாங்க அப்துல் கையூம் கடைக்குத்தான் போனார். அவருடைய புகழின் லட்சணம் தெரிந்த ஒரே ஆள் கையூம். பதினெட்டு வெள்ளிச் சேலையைப் பதினாலுக்கு வாங்கியதாகக் குழாயடியில் கேள்விப்பட்டு, அந்த விலைக்கு எங்களுக்கும் தரமாட்டீர்களா என்று அடுத்த வாரமே ஏழு பெண்கள் தம் கடைக்கு வந்து நின்றதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"மோட்டார் வண்டிக்கா? நீங்களா?" கையூம் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சரி, ஒத்திகை பாத்துக்கலாம் வாங்க. இந்தத் துண்டு ரெண்டரை வெள்ளி. குறைச்சுக் கேளுங்க பாப்போம்."

துரைசாமி துண்டைத் தடவிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். கையூமின் மூக்குக் கண்ணாடிக் காம்பில் நூல் சுற்றியிருந்தது கண்ணில் பட்டது.

"கேளுங்க துரை."

"ரெண்டரைதானா? உங்களுக்குக் கட்டுப்படியாகுமா பாய்?"

கையூம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாவே! எடுத்துக்கிட்டுப் போங்க. காசு வேணாம்."

துரைசாமி ரெண்டரை வெள்ளியை வைத்துவிட்டு வந்தார். வீட்டில் ஒன்றே முக்கால் என்றார்.

சனிக்கிழமை இருவரும் மோட்டார் கடைக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவருக்குள், பளிங்குத் தரையில் அந்தப் பிக்கப் நின்றது. இளம்பச்சை நிறம். பின்னால் பன்னிரண்டு பால் கேன் தாராளமாக நிற்கும். சேதுபதி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பழக்க தோஷத்தில் முன்னால் குனிந்து, வாயிருக்க வேண்டிய இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்க்கப் போனவர், கம்பித் தடுப்பைக் கண்டு சுதாரித்துக்கொண்டார்.

விற்பனைக்காரன் பெயர் லிம். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடி வண்டியைப் போலவே பளபளத்தது. பேச்செல்லாம் கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பசார் மலாயில்தான். சேதுபதி, துரைசாமியின் தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து உதறி அவர் கையில் கொடுத்தார். லிம் மிரளுவான், இதென்ன சூனியம் என்பான் என்று துரைசாமி எதிர்பார்த்தார். லிம்முக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ! கைக்குள்ள விலையா? என் அப்பா பன்றி வியாபாரி லா! சட்டைக் கைக்குள்ள கையை விட்டு இப்படித்தான் பேசுவாரு. எனக்கு நல்லாத் தெரியும். வா, வா!"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினான். துரைசாமி துண்டைப் போட்டார். சுற்றிலும் இரண்டு தட்டச்சுப் பெண்களும் ஒரு மெக்கானிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

மாட்டுக்காரர்கள் முறை எளிது. கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. கூடவே ஒரு விரலைப் பிடித்தால் ஆறு. சற்று நிறுத்திப் பிடிப்பது அடுத்த எண். துரைசாமி லிம்மின் கையை முழுசாகப் பிடித்தார். ஒரு விரலைப் பிடித்தார். நிறுத்தினார். இரண்டு விரலைப் பிடித்தார். ஆறாயிரத்து இருநூறு. நீ கேட்டது அப்படியே, எடுத்துக்கொள் அப்பனே, சீக்கிரம் ஆளை விடு.

லிம்மின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் துரைசாமியின் முகத்தை ஒருவிதமாகப் பார்த்தான். பிறகு அவருடைய கையை முழுசாகப் பிடித்தான். அடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்தான்.

ஐந்து. இரண்டு. ஐந்தும் இரண்டும் ஏழு.

துரைசாமிக்கு வியர்த்தது. ஏழாயிரமா? கேட்ட விலையைத் தருகிறேன் என்பவனிடம் எண்ணூறு வெள்ளி ஏற்றிக் கேட்கிறானே! ஏமாளி என்று தம் நெற்றியில் எழுதித்தான் ஒட்டியிருக்கிறதோ? இவனுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டதோ? தவறிப் பிடித்திருப்பான் என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டு, மறுபடியும் நிதானமாக, அழுத்தமாகப் பிடித்தார். கை முழுசு. ஒன்று. நிறுத்தம். இரண்டு.

லிம் உதட்டைக் கடித்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கை முழுசையும் பிடித்துவிட்டு, இந்தத் தடவை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் பிடித்தான்.

வேறு விரல்கள்தான். ஆனால் அதுவும் இரண்டுதான். மறுபடியும் ஏழு!

"என்ன மாப்பிள்ளை, மசியிறானா?" என்று சேதுபதி காதோரம் கேட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக் கடைகள் எல்லாம் துரைசாமியின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. குடைக்காரன், விளக்குக்காரன், மிஷின்காரன். யாரிடமும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார். கொடுத்தவனுக்கு இதுதானா மரியாதை? டின்னில் இருக்கிற முந்நூறு போதாது, இன்னும் எண்ணூறுக்கு இவன் என் கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறான்!

கையை உதறிக்கொண்டு எழுந்தார். "தா போலே!" என்று கத்தினார். முடியாது என்று அர்த்தம். முன்பல் இல்லாததால் பாதி காற்றாக வந்தது. ஆனால் கடை முழுக்கக் கேட்டது. தட்டச்சுப் பெண் ஒருத்தி பின்னால் நகர்ந்தாள்.

வாசலைப் பார்த்து நடந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கடையை விட்டுக் கோபித்துக்கொண்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது அடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தவுக்கே! தவுக்கே!" முதலாளி என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது.

திரும்பவில்லை. வீட்டில் சொல்கிற விதிக்காக அல்ல. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது, அதை மச்சான் பார்த்துவிடக் கூடாது.

லிம் ஓடிவந்து வழியை மறித்தான். "தவுக்கே, உங்க விலை ரொம்ப மோசம் லா! சரி, மாசக் கடைசி, எனக்கு இன்னும் ஒரு வண்டி விக்கணும். ஐயாயிரத்து ஐந்நூறு! அதுக்குக் கீழே போனா என் முதலாளி என் கழுத்தை அறுத்துருவாரு!"

துரைசாமி வாயைத் திறந்தபடி நின்றார்.

"மேலே தார்ப்பாய்க் கூரை ஒண்ணும் போட்டுத் தர்றேன்" என்றான் லிம், அந்தத் திறந்த வாயைத் தப்பாகப் புரிந்துகொண்டு.

சேதுபதி தொடையைத் தட்டிக்கொண்டு கூத்தாடினார். "எழுநூறு வெள்ளி! அட என் மாப்பிள்ளை! ரெண்டே பிடி! நான் இருபது வருஷமா மாடு வாங்குறேன், ரெண்டு பிடியில இப்படி ஒருத்தன் விழுந்து நான் பாத்ததில்லை!"

மறுநாள் காலை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், முன்னால் மல்லிகைச் சரம். குழாயடி மொத்தமும் வந்திருந்தது. ரத்தினம்மா புதுச் சேலையில், கல்யாணப் பெண்ணின் தாயாரைப் போல நின்றுகொண்டு, அந்த இரண்டு பிடியை ஒவ்வொருவர் கையாகப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையும் கிடைத்தது. முதல் தடவையாகக் காசு கொடுக்காமல் கிடைத்தது. அதனாலோ என்னவோ துரைசாமிக்கு அது கொஞ்சம் குத்தியது.

"நான் பேரமே பேசலை ரத்தினம்" என்றார். "சத்தியமா. அவனாத்தான் குறைச்சான்."

"கேட்டீங்களா!" என்று ரத்தினம்மா சுற்றி நின்றவர்களிடம் திரும்பினாள். "கொஞ்சமாவது பெருமை இருக்கா பாருங்க இந்த மனுஷனுக்கு!"

பன்னிரண்டு வருஷத்தில் அவர் சொன்ன எல்லாப் பொய்களையும் நம்பியவள், சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை.

சேதுபதி மட்டும் ஸ்டியரிங்கைத் தடவியபடி ஒரு பெருமூச்சு விட்டார். "எல்லாம் சரி மாப்பிள்ளை. ஆனா அவன் ஓடியாந்த வேகத்தைப் பாத்தா, நீங்க இன்னும் ஒரு நாலு அடி நடந்திருக்கலாம். கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க."

எழுநூறு வெள்ளி குறைந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு எண்ணூறு குறையவில்லையே என்று வருந்துவதற்குத் தனி மனம் வேண்டும். சேதுபதியிடம் அது தாராளமாக இருந்தது. பூசை முடிந்ததும், வண்டி வாங்கித் தந்த மாப்பிள்ளைக்கு நன்றியாக அரைப்படி பால் கொடுத்தார்.

அடுத்த வாரம் வண்டியின் காகிதம் ஒன்றை வாங்கிவர துரைசாமி தனியாக மோட்டார் கடைக்குப் போனார். கண்ணாடி அறைக்குள் முதலாளி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே லிம் தலை குனிந்து நின்றான். என்ன பேச்சு என்று வெளியே கேட்கவில்லை. துரைசாமிக்குக் கேட்கத் தேவையுமில்லை. நேராக வீட்டுக்குப் போய் மைலோ டின்னைத் திறந்தார். முந்நூறையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு திரும்பிவந்தார்.

லிம் அவரைப் பக்கத்துச் சந்துக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனான். துரைசாமி உறையை மேசையில் வைத்தார்.

"என்ன இது?"

"உனக்கு. என்னால உனக்குத் திட்டு."

"தவுக்கே, முதலாளி தினமும் திட்டுவாரு. இன்னிக்குத் திட்டினது வேற ஒரு வண்டிக்காக." லிம் உறையைத் தொடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. ஐயாயிரத்து நூற்றிருபதுன்னு எந்தத் தைரியத்துல கேட்டே? அதுவும் ரெண்டு தடவை! நான் இறங்கி வர்றேன், நீ அசையவே மாட்டேங்கிறே!"

"நூற்றிருபதா? நான் அப்படிக் கேக்கலையே. நீ கேட்ட ஆறாயிரத்து இருநூறைத்தானே பிடிச்சேன்."

லிம் தன் கையை நீட்டினான். "அஞ்சு. ஒண்ணு. ரெண்டு. அஞ்சு, ஒண்ணு, ரெண்டு! ஐயாயிரத்து நூற்றிருபது!"

"அஞ்சும் ஒண்ணும் ஆறு அப்பா! அப்புறம் ரெண்டு!"

"கூட்டணுமா? விலைல எவன் கூட்டல் போடுவான்? எங்க ஆளுங்க ஆறுன்னா இப்படிப் பிடிப்பாங்க லா." கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினான். "எட்டுன்னா இப்படி." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். "நான் உனக்கு முதல்ல சொன்னது ஐயாயிரத்து எண்ணூறு. அடுத்தது ஐயாயிரத்து அறுநூறு. நீ கத்திட்டு எழுந்து போயிட்டே!"

துரைசாமி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அது ரெண்டு தடவையும் ஏழாயிரம்."

லிம்முக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியது, காப்பி தளும்பியது, கடைக்காரன் எட்டிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, துரைசாமி பிஸ்கட்டைக் காப்பியில் ஊறப்போட்டு, முன்பல் இல்லாத இடத்தைத் தாண்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். லிம் அந்த வாயைப் பார்த்தான். உறையைப் பார்த்தான்.

"இது எதுக்குச் சேர்த்த காசு?"

துரைசாமி ஊறிய பிஸ்கட்டை ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றார். மென்ற விதமே பதிலாக இருந்தது.

லிம் உறையை அவர் பக்கம் தள்ளினான். "ஜாலான் புசார்ல என் மாமா பல் டாக்டர். அங்கே போ. விலை குறைக்க மாட்டாரு, ரொம்பக் கெட்டி. ஆனா வலிக்காம செய்வாரு. நம்ம கணக்கை என் முதலாளிகிட்ட சொல்லாதே. நானும் உன் மச்சான்கிட்ட சொல்லலை."

வீட்டுக்கு வந்து, ஓவர்டைமில் கொஞ்சம் சேர்த்திருப்பதாகவும் பல் கட்டப் போவதாகவும் சொன்னார் துரைசாமி. அதில் பாதி உண்மை இருந்ததால் திக்கியது. ரத்தினம்மா தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். "நீங்க பேசுறதை இத்தனை வருஷமா காதாலதான் கேட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு தடவை கண்ணால பாக்குறேன்."

போகிற வழியெல்லாம் துரைசாமி ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். இன்றைக்கு டாக்டர் விலை சொல்லுவார். தாம் சரி என்பார். அத்தோடு பன்னிரண்டு வருஷத்துப் பெயர் தரையில் விழுந்து உடையும். அதைவிட, நாற்காலியில் உட்காரும் முன்னால் தாமே சொல்லிவிடுவது நல்லது. சேலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பல் டாக்டர் கிழவர், அவசரக்காரர். உள்ளே நுழைந்ததும் துரைசாமியை நாற்காலியில் சாய்த்து, மார்பில் ஒரு துண்டை விரித்தார். "ரத்தினம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், அந்தச் சேலை..." என்று துரைசாமி ஆரம்பித்தார். டாக்டர், சாந்து மாதிரி எதையோ குழைத்து, ஒரு தகட்டில் அப்பி, திறந்த வாய்க்குள் வைத்து அழுத்திவிட்டார்.

"அசையாதே. அஞ்சு நிமிஷம்."

"எவ்வளவு டாக்டர்?" என்றாள் ரத்தினம்மா மலாயில்.

"இருநூற்று நாற்பது."

ரத்தினம்மா ஆவலோடு கணவன் பக்கம் திரும்பினாள். துரைசாமி வாய் நிறையச் சாந்தோடு, "ம்ம்ங்" என்றார்.

அவள் அவருடைய அடைத்த வாயைப் பார்த்தாள். நிலைமை புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்ணாடி அலமாரியில் இருந்த மாதிரிப் பல் செட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன டாக்டர், மஞ்சளா இருக்கு? வெத்திலை போட்ட பல்லா?"

துரைசாமியின் கண் விரிந்தது. முதலில் சாமானில் ஒரு குறை.

"அது மாதிரிக்கு வச்சது! அவருக்குப் புதுசு!" என்றார் டாக்டர். "இருநூற்று நாற்பது, குறைக்க முடியாது."

ரத்தினம்மா சிரித்தாள். கோபமே இல்லாத, நல்ல, நீளமான சிரிப்பு. டாக்டருக்கு அது என்னவோ செய்தது. இருநூற்று இருபது என்றார்.

"நாலு பல்லுக்கா? மீதியெல்லாம் அவரு சொந்தப் பல்லு டாக்டர், அதுக்கும் சேத்து விலை போடாதீங்க." சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஒரு அடி. இரண்டு அடி.

"நோன்யா! ஏம்மா! உன் புருஷன் இங்கே இருக்காரு!"

"இருக்கட்டும்." மூன்று. "சாந்து காஞ்சா நீங்களே வச்சுக்குங்க." நாலு.

துரைசாமி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பிவிடாதே ரத்தினம், திரும்பிப் பார்த்தால் பத்து வெள்ளி ஏறிவிடும் என்று மனசுக்குள் கத்தினார். அவள் திரும்பவில்லை. கதவைத் திறந்தாள். வெளியே போயே போய்விட்டாள். டாக்டர், வாயில் தகட்டோடு கிடக்கும் நோயாளியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கிழவருக்கு அவ்வளவு வேகம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

ஜாலான் புசார் நடைபாதையில் என்ன பேசினார்கள் என்பது துரைசாமிக்குக் கேட்கவில்லை. பஸ் ஒன்று போகிற சத்தம்தான் கேட்டது.

இருவரும் திரும்பி வந்தார்கள். டாக்டரின் முகம் தொங்கிப்போயிருந்தது. ரத்தினம்மா நாற்காலியருகே குனிந்தாள். அவள் முகம் முழுக்கச் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுங்க" என்றாள் மெதுவாக. "ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருந்தேன். அப்படியே பலிக்குது!"

துரைசாமி பேச முடியாமல் கண்ணால் கேட்டார்: எவ்வளவு?

மாட்டுக்காரன் தங்கை அவள். டாக்டர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவர் மார்பில் கிடந்த துண்டுக்குள் கையை நுழைத்து, அவருடைய கையைத் தேடிப் பிடித்தாள். ஒரு விரல். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கை முழுசும், கூடவே இரண்டு விரல்.

நூற்று எழுபது. இந்தத் தடவை அது ஏழேதான்.

"வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார். கண்ணோரம் வழிந்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

துரைசாமி இல்லை என்று தலையாட்டினார். ரத்தினம்மா இன்னும் கையை எடுக்கவில்லை.